வலிக்காமல் ஊசி போட்டவர்

அவர் புருவம் எடுக்கும்போது ஊதுவார். நூலால் ஒரு இழுப்பு, உடனே அந்த இடத்தில் ஒரு ஊதல். ராபர்ட்சன்பேட்டை பார்லர்களில் கண்ணீர் வழிய வழிய இழுத்துவிட்டு, பவுடர் பூசி அனுப்பிவிடுவார்கள். இவரோ, சூடான சோற்றை ஊதிக் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு இழுப்புக்கும் ஊதிக்கொண்டிருப்பார். அவர் மூச்சில் கிராம்பு வாசனை இருக்கும்.

விடியற்காலை ரயிலின் பெண்கள் பெட்டிதான் அவருடைய பார்லர். எங்கள் ஊர் ஸ்டேஷனான கோரமண்டலில் நாங்கள் ஏறுவோம். ஆடுகிற வண்டியில் அவர் நூலைத் தொடமாட்டார். பங்காருபேட்டையில் வண்டி வெகுநேரம் நிற்கும். அப்போது கார்மெண்ட்ஸுக்குப் போகிற பெண்கள் முகத்தை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்காருவார்கள்.

“இன்னா ஆன்ட்டி, நீங்க ஊதி முடிக்கறதுக்குள்ள வண்டி பெங்களூரே போயிடும் போல கீதே.”

“போனா போவட்டும். எரியற மூஞ்சியோட போயி நாள் பூரா மிஷின் மிதிப்பியா நீ? கண்ண மூடு.”

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெட்டியில் எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லைனிலும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. கணவர் எப்போதோ போய்விட்டார். இறந்தாரா, விட்டுப் போனாரா என்று கேட்டால், “இருக்கற எடத்துல நல்லா இருக்கட்டும்” என்பார். ஓசூரில் ஒரு மகன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டி சர்ச்சுக்குப் போவார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வாழ்க்கை வரலாறு. ஆனால் யாருக்காவது எங்காவது வலித்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார். தன் வலதுகையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஊசி அவருக்கே ஏறுவதுபோல இருக்கும்.

லைனில் எந்தக் குழந்தைக்குக் காது குத்தினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். ஆசாரி கம்பியை நீட்டுவதற்கு முன் அந்தச் சின்னக் காதுமடலில் ஐஸ் வைத்து மரக்கச் செய்வார். குழந்தை அழும், ஓயும், மிட்டாயைச் சப்பிக்கொண்டு சிரிக்கும். இவர் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். “கொழந்தயே நிறுத்திட்ச்சி, நீங்க எப்போ ஆன்ட்டி நிறுத்துவீங்க?” என்று என் அம்மா ஒரு தடவை கேட்டாள். அவரும் அழுதுகொண்டே சிரித்தார்.

பெங்களூரில் ஒரு தோல் கிளினிக்கில் அவருக்கு ஹெல்பர் வேலை. டாக்டர் ஊசி போடும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். “எங்க டாக்டரு சொல்லுவாரு, பேஷண்டு கத்தறதுக்கு முன்ன நீ கத்தாதம்மான்னு,” என்று ரயிலில் சொல்லிச் சிரிக்கவைப்பார். பணக்காரப் பெண்மணிகள்கூட, இந்த அம்மா வந்தால்தான் ஊசி போட்டுக்கொள்வோம் என்று காத்திருப்பார்களாம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, பி.காம் படித்து, அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான். எட்டாவதோடு நின்ற என் அக்கா கார்மெண்ட்ஸில் சம்பாதித்துத்தான் எனக்குப் புத்தகம் வாங்கினாள். கர்வப்பட ஏதாவது இருக்கிற பெண்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அவருடைய இந்த இளகிய மனசைப் பற்றி எனக்கு முதன்முதலில் சஞ்சலம் வந்தது ஒரு ரயில் பயணத்தில்தான். எங்கள் லைனில் ஒருவர் பெங்களூரில் லாரி மோதி அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் மனைவியிடம் யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. ஆன்ட்டிதான் கூட்டிப்போனார். வழியெல்லாம், “காலுதாம்மா ஒடஞ்சிருக்கு, கட்டு போட்டு படுக்கவெச்சிருக்காங்க, உன்னத்தான் கேட்டுகினே கீறாராம்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த அம்மா ஃபிளாஸ்கில் ராகிக் கஞ்சி எடுத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, “இந்த மனுசன் கால ஒடச்சிகினாதான் வூட்ல ஒக்காருவாரு” என்று சிரித்துக்கொண்டே வந்தாள். எப்படிப் பூப்போலக் கூட்டிப்போனார் பாருங்கள் என்று லைன் முழுக்க ஆன்ட்டியைப் புகழ்ந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அந்த அம்மா என் அம்மாவிடம் சொன்னது வேறு. “அவரு செத்துக் கெடக்கறப்ப நான் வழி பூரா சிரிச்சிகினு போயிருக்கேன். அத்த நெனச்சாதான் எனக்குத் தூக்கம் வரல.”

இதை யாரும் ஆன்ட்டியிடம் சொல்லவில்லை.

கிளினிக்கை எங்கோ தூரத்துக்கு மாற்றியபோது அவருக்கு வேலை போனது. அதன்பிறகுதான் வீட்டிலேயே ஊசி போட ஆரம்பித்தார். முகம் பளபளக்க ஒரு ஊசி, தாடைக்குக் கீழே தொங்குகிற சதையைக் கரைக்க ஒரு ஊசி, கைச்சதைக்கு ஒன்று. கிளினிக்குகளுக்கு மருந்து கொண்டுவருகிற யாரோ ஒருவர் பாட்டில்களைக் கொடுத்தார். சர்ச் முடிந்து வந்து, முன்னறைக் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு போட்டு, டெட்டால் தண்ணீரால் தரை துடைத்து, சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுத்தான் கையுறை மாட்டுவார். கையைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நகம் ஒட்ட வெட்டியிருப்பார். ஒரு ஊசியை இன்னொருவருக்குப் போடமாட்டார்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பேத்தமங்களா பக்கம். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் தங்கை, “அண்ணி கையி நல்லா புஷ்டியா கீது” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அன்றிலிருந்து குட்டைக் கை ரவிக்கையை உள்ளே வைத்துவிட்டாள். ஆன்ட்டியிடம் கைச்சதைக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றாள்.

“ஆன்ட்டி டாக்டர் இல்ல, அக்கா,” என்றேன்.

“எந்த டாக்டரு ஊசி போட்டுட்டு என் கைய புடிச்சிகினு ஒக்காந்திருப்பாரு, சொல்லு.”

நானும் கூடப் போனேன். அக்காவின் மேற்கையில் பேனாவால் புள்ளிகள் வைத்தார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். பிறகு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்து, ஒரு கட்டியைப் புள்ளி புள்ளியாக அழுத்தித் தேய்த்தார். கரைந்த தண்ணீர் முழங்கைவரை ஓடியது. தோல் மரத்த உடனே, நேரம் கொடுக்காமல், ஊசி. ஒவ்வொரு புள்ளிக்கும் அப்படியே.

“கிளினிக்குல ஐஸ் மொதல்ல வெச்சிட்டு, அப்புறமா ஸ்பிரிட் போடுவாங்க,” என்று என்னிடம் பேச்சுக் கொடுத்தார். “அந்த கேப்புல மரத்தது தெளிஞ்சிடுதும்மா. பாவம், கத்துவாங்க. நான் மாத்திகினேன். நம்மகிட்ட ஒருத்தருக்கும் சுருக்குன்னு இருக்கக்கூடாது.”

அக்கா முகம் சுளிக்கவேயில்லை. “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லடி” என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

இதே நாட்களில்தான் லைனின் கடைசி வீட்டு ஸ்டெல்லாக்கா தனித்தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாடைக்குக் கீழே, கழுத்தில், கட்டி கட்டியாக வந்து உடைந்து வழிந்தது. அவர் போன ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து உறிஞ்சிப் பார்த்து, டி.பி. மாதிரி இருக்கிறது என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் இந்தச் சொல்லை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தில் பாறைத்தூளை மூச்சாக இழுத்த ஆட்களை அந்த நோய் சுலபமாகப் பிடித்தது. சுரங்கம் மூடிப் பல காலம் ஆன பிறகும், ஆறாத கட்டியோ நிற்காத இருமலோ வந்தால் தட்டு தானாகப் பிரிந்துவிடும். இந்தக் கட்டி ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை ஸ்டெல்லாக்காவின் மாமியார் காதில் வாங்கவில்லை; லைனில் யாருமே நம்பவில்லை. தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியார் பங்காருபேட்டைக்குப் போய்விட்டார். குழந்தை போனில் அம்மாவைப் பார்த்து முதலில் அழுதது. அப்புறம் அழாமல் விளையாடப் போனது.

அந்த வீட்டுக்குள் போய் உட்காருகிற ஒரே ஆள் ஆன்ட்டி. சும்மா உட்காரவில்லை. ஸ்டெல்லாக்காவின் தட்டிலேயே சோறு போட்டு, அவர் பிசைந்ததில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுவார். கதவு திறந்திருக்கும். லைன் பார்க்கும்.

“ஆன்ட்டி, ஒத்துங்க, ஒட்டிக்கும்,” என்று ஸ்டெல்லாக்காவே தள்ளுவார்.

“ஒட்டட்டும்மே. உனக்கு வந்தது எனக்கு வந்தா இன்னா கொறஞ்சிடப் போவுது? கொழம்பு ஊத்து.”

நான் அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மனுஷியா என்று வியந்தேன். அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம்கூடச் சொன்னேன்.

சில வாரங்களில் அக்காவின் கையில் பேனாப் புள்ளி வைத்த இடங்களிலெல்லாம் சிவப்பாகத் தடித்தது. ஆன்ட்டியிடம் காட்டினோம். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“மருந்து உள்ள கரைஞ்சிகினு கீதும்மா, அதான். ஒண்ணியும் இல்ல. ஐஸ் வெய்யி.”

தடிப்பு கட்டியானது. கட்டி ஊதா நிறமாகி மெத்தென்று ஆனது. “சரியாயிடும்மா” என்றார். கட்டி உடைந்து நீராக வழிந்தது. “கெட்டது வெளிய வந்துட்ச்சி, இனிமே ஆறிடும்” என்றார். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வதைக் கேட்டால் மனசு லேசாகிவிடும். அக்கா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள். அப்படியே மாதங்கள் போயின. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரைகளுக்கு அது அசையவேயில்லை. கடைசியில் நான் லீவு போட்டு, அக்காவை பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சதையைக் கொஞ்சம் வெட்டி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்தார்கள்.

முடிவு வந்தபோது தோல் டாக்டரம்மா கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். டி.பி. கிருமிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கிருமி. தண்ணீரிலும் மண்ணிலும் இருப்பது. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. ஆனால் டி.பி.க்குத் தருகிற வழக்கமான மாத்திரை இதற்குச் சரிப்படாது, வேறு மருந்துகள், பல மாதம். பிறகு கேட்டார்: “இந்த இடத்தில் ஊசி போட்டது யார்? என்ன மருந்து? எப்படிப் போட்டார்கள்?”

அக்கா தரையைப் பார்த்தாள். “தெரியல மேடம். யாரோ.”

வெளியே வந்து கேட்டேன். “ஏன் மறைக்கிற?”

“போலீசு கீலீசுன்னு ஆச்சின்னா? அவங்க தாங்கமாட்டாங்கடி.”

ஆறாத கையை வைத்துக்கொண்டு அவள் கவலைப்பட்டது இதற்கு.

அம்மா அன்று சாயங்காலமே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. “என் பொண்ணு உங்க பேர சொல்லமாட்டேங்கறா. மாப்ள வூட்ல கல்யாணத்த தள்ளிவெச்சிட்டாங்க. அவளுக்கு இன்னா மருந்து போனுச்சின்னு தெரிஞ்சாதான் டாக்டருக்கு வழி தெரியும். நீங்களே வந்து சொல்லுங்க.”

ஆன்ட்டி வந்தார். இதை நான் அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். மிச்சமிருந்த பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மறுநாள் எங்களோடு ரயிலேறினார்.

அக்காவின் கைக்கட்டை நர்ஸ் பிரித்தபோது ஆன்ட்டி முதன்முறையாக முழுக்கையையும் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருந்த துணியை இழுத்ததும் அக்கா முனகினாள். ஆன்ட்டி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, குனிந்து ஊதினார்.

“அம்மா, காயத்து மேல ஊதக்கூடாது. தள்ளி நில்லுங்க,” என்றார் நர்ஸ்.

அவர் தள்ளி நின்றார். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாத கைகள் புடவைத் தலைப்பைத் தேடின.

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி செய்துகாட்டச் சொன்னார். ஆன்ட்டி வெறுங்கையால் காற்றில் செய்துகாட்டினார். புள்ளி, ஸ்பிரிட், ஐஸ், ஊசி.

“ஐஸ் எந்தத் தண்ணீரில் போட்டது?”

“ட்ரம் தண்ணி மேடம். டேங்கர் வர்றப்ப புடிச்சி வெப்போம். குடிக்கறதுக்குத்தான் கேன் வாங்கறோம். இது வெளிய தேய்க்கத்தானேன்னு…”

அங்கே அவருக்கே புரிந்தது. வாக்கியத்தை முடிக்கவில்லை. சுத்தம் செய்த தோலின் மேல் டிரம் தண்ணீரைத் தேய்த்து, அது ஈரமாக இருக்கும்போதே அதன் வழியாக ஊசியை இறக்கியிருக்கிறார். பாட்டில் மருந்திலேயே கிருமி இருந்திருக்கலாம், இரண்டையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆன்ட்டி அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

“வலிக்கக்கூடாதுன்னுதானே வெச்சேன்,” என்றார்.

“தெரிகிறது. இனிமேல் யாருக்கும் ஊசி தொடாதீர்கள். வேறு யாருக்காவது போட்டு, இப்படிக் கட்டி வந்திருக்கிறதா? வந்திருந்தால் உடனே அனுப்புங்கள்.”

“இல்ல மேடம்,” என்றார் ஆன்ட்டி. யோசிக்காமல் சொன்னார்.

திரும்பி வரும் வண்டியில் கூட்டமில்லை. அக்கா என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். எதிர்சீட்டில் ஆன்ட்டி. ஸ்டெல்லாக்காவின் தாடைக்குக் கீழே இருந்த கட்டிகள் எனக்கு அப்போதுதான் நினைவில் வரிசையாக நின்றன. இந்தக் கன்னத்தடியில் தொடங்கி அந்தக் கன்னத்தடியில் முடிகிற, அளவெடுத்தது போன்ற வரிசை.

“ஸ்டெல்லாக்காவுக்கும் ஊசி போட்டீங்களா, ஆன்ட்டி?”

ஜன்னலைப் பார்த்தார்.

“அவங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம போட்டுகிச்சும்மா. ரெட்டத்தாட தெரியுதுன்னு. கட்டி வந்தப்ப என்கிட்டதான் மொதல்ல காட்டிச்சி. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிட்டேன். அதான் அது டாக்டருகிட்ட ஊசியப் பத்திச் சொல்லல.”

“ஏன் ஆன்ட்டி?”

“ரொம்ப பயந்துபோயிருந்துச்சி. என்னாலன்னு சொன்னா தாங்குமா அது? அப்புறம் டாக்டரே டி.பி.ன்னு எழுதிட்டாரு. பெரியவங்க சொல்றாங்களே, அதுவாத்தான் இருக்கும்னு நெனச்சிகினேன். அதுவா இருக்கணும்னு ஜெபம்கூட பண்ணேன்.”

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. கேட்கக் கூடாதோ என்று யோசித்து, கேட்டேன். “டி.பி.தான்னு நெனச்சிருந்தா, அவங்க தட்டுல எப்படி ஆன்ட்டி சாப்ட்டீங்க?”

வண்டி மாலூர் தாண்டியது. அவர் முகத்தில் நான் பார்த்தது அழுகை இல்லை. இருட்டறையில் விளக்குப் போட்டதும் கண் கூசுமே, அதுபோல ஒன்று. ஒட்டாது என்று அவருக்குள் எங்கோ தெரிந்திருந்தது. தெரிந்ததால் பயமில்லாமல் சாப்பிட்டார். அதே தெரிந்ததைச் சொல்ல முடியாததால்தான், அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எந்த அன்பைப் பார்த்து நான் வியந்தேனோ, அது பொய்யும் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

கோரமண்டலில் இறங்கியதும் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கடைசி வீட்டுக்கு நடந்தார். அக்காவை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் பின்னால் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஸ்டெல்லாக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். “வாங்க ஆன்ட்டி. காபி போடட்டா?”

“வேணாம்மா. ஒக்காரு.”

“இன்னா ஆச்சி? மூஞ்சி ஏன் இப்பிடி கீது?”

“உனக்கு டி.பி. இல்லம்மா. என் ஊசிதான். ஆரம்பத்துலயே எனக்கு சந்தேகம் இருந்துச்சி. சொல்லல.” அப்புறம் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, என்ன கேட்க வேண்டும் எல்லாம். குரல் நடுங்கவில்லை. தன்னைச் சமாதானமாக்கும் வார்த்தை ஒன்றையும் அதில் சேர்க்கவில்லை.

ஸ்டெல்லாக்கா அரிசித் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

“என் தட்டுல சாப்டீங்களே. அப்போ தெரியுமா?”

“தெரியும்னுதான் நெனைக்கறேன்.”

“தெனமும் ஜெபத்துல உங்க பேர சொல்லுவேன் ஆன்ட்டி. உலகத்துல ஒருத்தராவது பயப்படாம என் பக்கத்துல ஒக்கார்றாங்கன்னு.” அரிசியை மெதுவாக அளைந்தார். “நீங்க என் தட்டுல சோறு தின்னிருக்கவே வேணாம். இத்த சொல்லியிருந்தா என் பொண்ணு இந்நேரம் இங்க இருந்திருப்பா.”

ஆன்ட்டி எழுந்து அவர் தோளைத் தொடப் போனார். ஸ்டெல்லாக்கா கத்தவில்லை, தள்ளவும் இல்லை. தோளை மட்டும் விலக்கிக்கொண்டார். ஆன்ட்டி என்னைத் தாண்டி வெளியே போனார்.

ஒரு வாரத்துக்குள் லைனுக்கே தெரிந்துவிட்டது. புருவம் எடுத்துக்கொண்டவர்கள்கூடக் கண்ணாடியில் முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். சிலர் அவர் வாசலில் நின்று கத்தினார்கள். அவர் கதவைச் சாத்தவில்லை. ஊசி போட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டில் முகத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். ஈரத்தோடு அடுத்த வீட்டுக்குப் போனாராம். அதன்பிறகு மகன் வந்து ஓசூருக்குக் கூட்டிப்போய்விட்டான்.

அக்காவின் கை ஆறிவிட்டது. கல்யாணமும் நடந்தது, நீளக் கை ரவிக்கையோடு. தழும்புகள் இருக்கின்றன, மாப்பிள்ளை நல்லவர். ஸ்டெல்லாக்காவுக்கும் மருந்து மாற்றினார்கள். பல மாதம் கழித்துக் கழுத்து காய்ந்தது. மாமியார் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார். ஆனால் குழந்தை அதற்குள் பாட்டியோடு படுத்துப் பழகிவிட்டது. அம்மாவைத் தூரத்தில் நின்று பார்க்கும். கழுத்தைத் தொடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். ராத்திரியானால் பாட்டியைக் கேட்டு அழ, பங்காருபேட்டைக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்கவைத்துத் தூங்கச்செய்கிறார்கள்.

போன மாதம் பங்காருபேட்டை நடைமேடையில் ஆன்ட்டியைப் பார்த்தேன். ஏதோ வேலையாக வந்து பெங்களூர் வண்டிக்கு நின்றிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அக்காவைப் பற்றிக் கேட்டார். அம்மாவைப் பற்றிக் கேட்டார். என் ஆபீஸ் வேலையைப் பற்றிக் கேட்டு, “பெரிய ஆளாயிட்ட” என்று கன்னத்தைத் தொட வந்து, பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

“ஸ்டெல்லா புள்ள வந்துட்ச்சா?”

“வந்துடுச்சு ஆன்ட்டி.”

“அம்மாகிட்ட போவுதா?”

வண்டி தூரத்தில் தெரிந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழுதடு உள்ளே போயிருந்தது. போகுது என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை எழுதிக் காட்ட முடியாது.

“இன்னும் போகல, ஆன்ட்டி.”

தலையை ஆட்டினார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பெண்கள் பெட்டி எங்கள் முன்னால்தான் வந்து நின்றது. நான் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அவர் கூட்டத்தோடு பொதுப்பெட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.